மாமாவின் ஜீப்புக்கு டிஸ்க் பிரேக் மாட்டிய விவரம்

கரையான்சாவடி,
ஞாயிற்றுக்கிழமை, பகல் பன்னிரண்டு மணி.

அன்பும் மரியாதையும் நிறைந்த கிருபாகரன் மாமா அவர்களுக்கு,

அக்கா மகள் நிஷா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அம்மா நலம், அப்பா நலம், தங்கள் ஜீப்பும் இன்று காலை பத்தே முக்கால் மணி முதல் நலம். அங்கே கத்தார் வெயிலில் தாங்களும் தங்கள் கிரேனும் நலமாக இருக்க வேண்டும் என்று அம்மா எழுதச் சொன்னார். கிரேனைச் சேர்த்துக்கொண்டது நான்.

இந்தக் காலத்தில் காகிதத்தில் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார். ஸ்பீக்கரில் போட்டால் பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா வந்து உட்கார்ந்துவிடுகிறார். அஞ்சலை அக்கா வந்துவிட்டால் எனக்குப் பேச்சு வராது. வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால் என் போனும் அம்மாவின் போனும் ஒன்று என்பது அம்மாவின் எண்ணம். ஆகவே காகிதம். பின்தெரு வேம்புலி அண்ணன் லீவு முடிந்து இன்று தங்கள் ஊருக்கு விமானம் ஏறுகிறார். நாலு மணிக்கு ஊறுகாய்ப் பொட்டலத்தை வாங்கிக்கொள்ள இங்கேயே வருவார். பொட்டலத்துக்குள் இதை மடித்து வைத்துவிடுவேன். காகிதத்தில் கறை இருந்தால் அது மாங்காய் ஊறுகாய் என்று கொள்ளவும். பிரேக் ஆயில் முழுவதும் என் சுடிதாரில்தான் இருக்கிறது.

'இங்கேயே' என்றால் எங்கே என்று கேட்பீர்கள். தங்கள் வருங்கால மாமனார் சின்னசாமி அவர்கள் வீட்டு முன்னறையில். பதற வேண்டாம், நல்ல காரியமாகத்தான் வந்திருக்கிறோம். உள்ளே கேசரி கிண்டுகிற வாசனை வருகிறது. பேப்பரும் பேனாவும் கொடுத்தது ஜீவா அத்தை. கல்யாணத்துக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருந்தாலும் இப்போதே அத்தை என்று கூப்பிடச் சொல்லிவிட்டார். அந்தக் கணக்கில் சின்னசாமி அவர்கள் எனக்குத் தாத்தா.

விஷயத்துக்கு வருகிறேன். ஆவடி ஏலத்தில் தாங்கள் அந்த ஜீப்பை எடுத்து வந்தபோது நான் ஒன்பதாம் வகுப்பு. அது அப்பாவைவிட வயதில் மூத்த வண்டி என்று பெருமையாகச் சொன்னீர்கள். தாங்கள் கத்தார் போன இந்த ஆறு வருடமும் அது பாரிவாக்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் தார்ப்பாய்க்குள் நிற்கிறது. தார்ப்பாய்க்குள் இருக்கும்போது மட்டும்தான் அது நிற்கும். ரோட்டில் இறங்கிவிட்டால் அதன் பிரேக்கை மிதிப்பது ஏதோ ஒரு ஆபீஸில் மனு கொடுப்பது போல. முதல் மிதிக்குப் பதிலே வராது. இரண்டாவது மிதிக்குப் 'பார்க்கலாம்' என்பது போல ஒரு முனகல் வரும். மூன்றாவது மிதிக்குத் தயவு பண்ணி நிற்கும், அதுவும் இடது பக்கமாகத் திரும்பிக்கொண்டு, யாரையோ பார்க்கப் பிடிக்காதது போல. மாதம் ஒருமுறை பேட்டரி இறங்காமல் இருக்க அப்பா ஓட்டிப் போவார். டீக்கடையில் நிறுத்த வேண்டும் என்று புறப்படுவார், அதைத் தாண்டி மெடிக்கல் ஷாப்பில் நிற்பார், திரும்பி நடந்து வந்து டீ குடிப்பார்.

இப்படிப்பட்ட வண்டியை வைத்துக்கொண்டுதான் நிச்சயதார்த்தத்தன்று வீடியோ காலில் தாங்கள், "மாப்பிள்ளை அழைப்புக்கு என் ஜீப்ப நானே ஓட்டிகினு வருவேன்" என்று சொன்னீர்கள். சின்னசாமி தாத்தா முப்பத்துநாலு வருடம் டவுன் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். அந்த வண்டியைப் பற்றி ஊரில் அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். சபையில் எல்லார் முன்னாலும், "மாப்ள, வண்டி வர்றது பெருசில்ல, நிக்கணும். மண்டபத்து வாசல்ல என் சொந்தக்காரங்க முந்நூறு பேர் நிப்பாங்க. நிக்காத வண்டியில வர்றதா இருந்தா நீங்க ஆட்டோல வாங்க" என்றார். தாங்கள் உடனே, "டிஸ்க் பிரேக் மாட்டிடலாம் மாமா. எங்க அக்கா பொண்ணு நிஷா இஞ்சினீயர். அவளே மாட்டுவா" என்றீர்கள். கேமரா என் பக்கம் திரும்பியது. என் தலை ஆடிவிட்டது மாமா. ஆமாம் என்று நான் ஆட்டவில்லை. கூச்சத்தில் குனியப் போனேன், அது ஆமாம் போல இருந்துவிட்டது.

தங்களுக்கு என்னால் இல்லை என்று சொல்ல முடியாது. பிளஸ் டூ முடித்து நான் மெக்கானிக்கல் எடுக்கப் போகிறேன் என்றபோது அப்பா, "பொட்டப் புள்ளிக்கு நட்டு போல்ட்டு இன்னாத்துக்கு?" என்று கேட்டார். தாங்கள்தான், "நம்ம ஜனம் இத்தினி நாளு அடுத்தவன் கழனில எறங்குனோம், அடுத்தவன் வண்டிய கழுவுனோம். ஒருத்தியாவது வண்டி எப்பிடி ஓடுதுன்னு படிக்கட்டுமே மச்சான்" என்று சண்டை போட்டீர்கள். ஆகவே தங்கள் மாப்பிள்ளை அழைப்பும் என் டிகிரியும் ஒரே பிரேக்கில் மாட்டிக்கொண்டன.

இப்போது ஓர் உண்மை சொல்கிறேன். கல்லூரியில் டிஸ்க் பிரேக் பதின்மூன்று மார்க் கேள்வி. படம் வரைந்து பாகம் குறித்தேன். பென்சிலால் நிழல்கூடப் போட்டேன். பன்னிரண்டு கொடுத்தார்கள். அதற்கு மேல் எனக்கும் டிஸ்க் பிரேக்குக்கும் எந்தப் பழக்கமும் கிடையாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் கட்டைவிரல் அளவு 'புஷ்' என்கிற இரும்பு வளையம் ஒன்றை நாள் முழுவதும் அளந்து பார்த்துச் சரி, சரியில்லை என்று பிரித்து வைக்கிறேன். அந்த புஷ் எந்த வண்டியில் எந்த இடத்தில் உட்காருகிறது என்றுகூட எனக்குத் தெரியாது. தெரிய வேண்டுமானால் மேனேஜரிடம் பேச வேண்டும்.

தாங்கள் ஆர்டர் போட்ட பெட்டி போன மாதம் வந்தது. உள்ளே பளபளவென்று இரண்டு இரும்புத் தட்டுகள், அவற்றைக் கவ்விப் பிடிக்கும் காலிபர் இரண்டு, குழாய்கள், ஒரு பை நிறைய நட்டு போல்ட்டு. அம்மா, "இது இன்னா நிஷா, எவர்சில்வர் தாம்பாளமா? நடுவுல ஓட்டை போட்டுட்டானுங்களே" என்றார். பழைய பிரேக் சட்டிக்குள்ளிருந்து இரண்டு கையை விரித்துப் பிடிப்பது, புதிய பிரேக் தட்டை வெளியிலிருந்து இரண்டு விரலால் கிள்ளிப் பிடிப்பது என்று விளக்கினேன். "கிள்ளுனா நிக்கும்" என்று அம்மா உடனே ஒப்புக்கொண்டார்.

பெட்டியில் இருந்த காகிதத்தின் கடைசி வரியில், தகுதி பெற்ற இஞ்சினீயர் மேற்பார்வையில் மாட்டவும் என்று ஆங்கிலத்தில் இருந்தது. அதைப் படித்துச் சொன்னதுதான் நான் செய்த முதல் தவறு. அப்பா காகிதத்தை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தெரு முழுக்கக் காட்டினார். "பாரு, அவனே போட்டுக்கீறான். இஞ்சினீயர் இல்லாம தொடக்கூடாதாம். நம்மூட்ல கீது!" என்றார்.

நான் எப்படியோ துணிந்து, கூட ஒரு மெக்கானிக் இருந்தால் நல்லது என்று சொன்னேன். கரையான்சாவடி மெயின் ரோட்டில் ஷெட் வைத்திருக்கிற மதுரைவீரன் அண்ணனை அப்பா கூட்டி வந்தார். லாரி, வேன், டிராக்டர் என்று இருபத்தைந்து வருடம் பிரித்து மாட்டியவர். அப்பாடா, இவர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்தேன். அதற்குள் அப்பா அந்தக் காகிதத்தை அவரிடமும் காட்டிவிட்டார். மதுரைவீரன் அண்ணன் என்னைப் பார்த்துத் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். "சொல்லுங்க மேடம், எங்கேருந்து ஆரம்பிக்கலாம்?" என்றார்.

"நீங்க எப்பவும் எங்கேருந்து ஆரம்பிப்பீங்க அண்ணா?" என்றேன்.

"நீங்க சொல்ற எடத்துலேருந்து மேடம்."

மாமா, அதன் பிறகு இருபது நிமிடம் நாங்கள் இருவரும் ஜீப்பின் முன்னால் நின்றோம். அவர் நான் சொல்வேன் என்று காத்திருந்தார். நான் அவர் தொடங்குவார் என்று காத்திருந்தேன். அவர் ஸ்பேனரை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். நான் துப்பட்டாவை அந்தத் தோளிலிருந்து இந்தத் தோளுக்கு மாற்றினேன். அப்பா எங்களைப் பார்த்துவிட்டு அம்மாவிடம், "கம்முனு இரு, டிஸ்கஷன் நடக்குது" என்று சொல்லி டீ வாங்கப் போனார். கடைசியில் வேறு வழியில்லாமல் பரீட்சையில் எழுதிய பதிலை மனப்பாடமாகச் சொல்லத் தொடங்கினேன். "முதலில் வாகனத்தைச் சமதளத்தில் நிறுத்த வேண்டும்" என்றேன். அவர் ஜீப்பை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். "நிக்குது மேடம்" என்றார். "அடுத்து முன் சக்கரங்களைக் கழற்ற வேண்டும்" என்றேன். ஐந்து நிமிடத்தில் இரண்டு சக்கரமும் தரையில் கிடந்தன.

அதற்குப் பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். பேசத்தான் எனக்கு வராது, பார்க்க வரும். அவர் ஒவ்வொரு வேலைக்கும் என்னிடம் கேட்பார். "இத்த உள்பக்கமா மாட்டலாமா மேடம்?" என்பார். நான் தப்பாகப் பதில் சொன்னால் அவருடைய இடது புருவம் ஒரு நூல் மேலே போகும். வாய் மட்டும், "சரிங்க மேடம்" என்றே சொல்லும். நான் உடனே, "இல்ல அண்ணா, வெளிப்பக்கமாவே இருக்கட்டும்" என்று மாற்றிவிடுவேன். புருவம் இறங்கும். இப்படியே இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவர் புருவத்தைப் பார்த்துத்தான் தங்கள் ஜீப்பை மாற்றி அமைத்தேன். "மேடத்துக்கு ரொம்ப யோசன. ஒண்ணு சொல்லிட்டு அதவிட நல்லதா இன்னொண்ணு சொல்றாங்க" என்று அவர் அப்பாவிடம் புகழ்ந்திருக்கிறார்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் என் படிப்பு உதவியது. அதைச் சொல்லாமல் விட மனமில்லை. சக்கரத்தைத் திரும்ப மாட்டியபோது காலிபரின் மூலை ரிம்மில் கரகரவென்று உரசியது. அண்ணன், "இன்னா பண்ணலாம் மேடம்?" என்றார். புருவம் அசையவே இல்லை, அவருக்கும் தெரியவில்லை. நான் கைப்பையிலிருந்து என் வெர்னியரை எடுத்து இடைவெளியை அளந்து, எங்கே இரண்டு மில்லிமீட்டர் ராவ வேண்டும் என்று சாக்பீஸால் கோடு போட்டேன். ராவியபின் சக்கரம் சத்தமில்லாமல் சுற்றியது. அப்பா சக்கரத்தைச் சுற்றிவிட்டுச் சுற்றிவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். அன்று எனக்கு மட்டும் தனியாக ஒரு போண்டா வாங்கி வந்தார்.

பிரேக் குழாயில் காற்று இருந்தால் பிரேக் பிடிக்காது என்பதால் அதை வெளியே எடுக்க வேண்டும். ஒருவர் மேலே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும், ஒருவர் கீழே படுத்துக் காற்று வெளியேறும் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். அப்பா மேலே, அண்ணன் கீழே, 'மிதி, பிடி' என்று சொல்ல வேண்டியது இஞ்சினீயர். என் குரல் ஜீப்பின் பானெட்டைக்கூடத் தாண்டவில்லை. பூந்தமல்லி மார்க்கெட்டில் மீன் விற்கிற அஞ்சலை அக்கா இதைச் சகிக்க முடியாமல் மதிலைத் தாண்டி வந்துவிட்டார். நான் அவர் காதில் மெதுவாகச் சொல்ல, அவர் தெருவுக்கே கேட்கும்படி, "மிதி நைனா! நல்லா மிதி! தோ, புடிச்சுக்கோ! வுடாத!" என்று கத்தினார். ரோட்டில் போன ஷேர் ஆட்டோ ஒன்று சடாரென்று பிரேக் பிடித்து நின்றது. "எங்க வண்டி நிக்கலன்னாலும் உன் வண்டி நின்னுச்சு பாரு" என்று அஞ்சலை அக்கா சிரித்தார். அதில் வந்தவர்கள் இறங்கி வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர் என்ன விசேஷம் என்று கேட்டார். "இஞ்சினீயர் பொண்ணு வண்டிக்கு வைத்தியம் பாக்குது, கிட்ட வராத" என்றார் அக்கா.

கழற்றிய பழைய பிரேக் சட்டி, அதாவது டிரம், இரண்டையும் பத்திரமாக வைக்கச் சொல்லி அம்மாவிடம் கொடுத்தேன். மறுநாள் பார்த்தால் ஒன்றில் கற்பூரவல்லி, ஒன்றில் மிளகாய்ச் செடி. அடியில் ஓட்டை இருப்பதால் தண்ணீர் தேங்காதாம். ஆகவே இனிப் பழையபடி மாற்றவும் வழியில்லை என்பது அன்றே முடிவாகிவிட்டது.

நேற்று, அதாவது சனிக்கிழமை, முதல் ஓட்டம். அப்பா ஓட்டினார். பக்கத்தில் நான், பின்னால் அம்மாவும் மதுரைவீரன் அண்ணனும். செம்பரம்பாக்கம் பக்கம் ரோடு காலியாக இருக்கும் என்று அங்கே போனோம். அப்பா, "இப்ப பாரு மதுர, ஒரே மிதி" என்று மிதித்தார். ஜீப் போய்க்கொண்டே இருந்தது. மறுபடி மிதித்தார். முன்பாவது முனகல் வரும், இப்போது அதுவும் இல்லை. "நிஷா! வெண்ணையில வெச்ச மாரி வழுக்கிகினு போவுதே!" என்று கத்தினார். எதிரே லாரி வந்தது. அப்பா இடது பக்கம் ஒடித்தார். அங்கே மனைகள் விற்பனைக்கு என்று வளைவு வைத்து, வரிசையாகக் கலர் கொடி கட்டியிருந்தார்கள். வளைவுக்குள் புகுந்தோம். கொடியெல்லாம் மாலை மாலையாக ஜீப்பின் மேல் விழுந்தது. 'எதிர்கால நீச்சல் குளம்' என்று எழுதிய பலகையை ஒரு சுற்று சுற்றி, ஒரு மணல் குவியலில் ஏறி நின்றோம்.

டை கட்டிய ஒருவர் ஓடி வந்தார். திட்டப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர், "வாங்க சார், வாங்க மேடம், சைட் பாக்க வந்தீங்களா? முதல்ல கூல் டிரிங்ஸ் சாப்பிடுங்க" என்றார். அவருக்குப் பின்னால் ஐடி கம்பெனி அடையாள அட்டை தொங்க ஒரு கணவன் மனைவி மனை பார்க்க வந்திருந்தார்கள். அந்தப் பெண் ஜீப்பைப் பார்த்து ஆசையாக, "இங்க இந்த மாதிரி வண்டி ஓட்டத் தனி டிராக்கும் இருக்கா?" என்று கேட்டார். டை கட்டியவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "ரெண்டாவது ஃபேஸ்ல வருது மேடம்" என்றார்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. அப்போது அம்மா பின் சீட்டிலிருந்து இறங்கி அந்தப் பலகையைப் பார்த்து, "இங்கயா நீச்சல் கொளம் கட்டப் போறீங்க? கட்டவே வாணாம்பா. நான் இங்க நாத்து நட்டுக்கீறேன். ஐப்பசில இங்க இடுப்பளவு தண்ணி தானா நிக்கும். தோ, அந்த ஊடு வரிக்கும் நிக்கும்" என்றார். அந்தக் கணவன் மனைவி ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். காரில் ஏறினார்கள். டை கட்டியவர் அப்பா கையில் இருந்த, பாதி குடித்த கூல் டிரிங்ஸைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

மதுரைவீரன் அண்ணன் அங்கேயே சக்கரத்தைக் கழற்றினார். தட்டைத் தொட்டுப் பார்த்து விரலை முகர்ந்தார். "மேடம், இதுல குங்குமம் கீது" என்றார். பிறகு, "சந்தனமும் கீது" என்றார். பிறகு இன்னொரு தரம் முகர்ந்து, "நல்லெண்ண" என்றார்.

நாங்கள் எல்லாரும் அம்மாவைப் பார்த்தோம். அம்மா, "இன்னா எல்லாரும் என்னியே பாக்குறீங்க? ஆடி மாசத்துல யாராவது புச்சு மாட்டுவாங்களா? மாட்டிட்டீங்க. சரி, ஆடி வெள்ளியாச்சேன்னு சக்கரத்துக்கு நடுவுல கைய வுட்டு, எண்ண தடவி, தொடச்சி, மூணு மூணு பொட்டு வெச்சேன். புச்சா வந்த சாமான மூளியாவா ரோட்டுக்கு அனுப்புறது? துரு புடிக்கக்கூடாதேன்னு எண்ண கொஞ்சம் தாராளமாதான் வுட்டேன்" என்றார்.

அப்பா தலையில் கை வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தார். அண்ணன் என்னிடம், "இதப்பத்திப் புக்குல இன்னா போட்டுக்கீது மேடம்?" என்று பணிவாகக் கேட்டார். புத்தகத்தில் இது இல்லை என்றேன். அவர் தின்னர் வாங்கி வந்து தட்டைக் கழுவி, அதைக் கவ்வுகிற பிரேக் பேடுகளை உப்புத்தாளில் தேய்த்தார். பொட்டு வைக்காமல் விட அம்மா சம்மதிக்கவில்லை. பானெட்டில் எத்தனை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று பேசி முடித்தோம். தற்சமயம் பானெட்டில் இருபத்தொரு பொட்டு இருக்கிறது.

இன்று காலைதான் சின்னசாமி தாத்தா குறித்த பரீட்சை. பாரிவாக்கத்திலிருந்து இங்கே வந்து அவர் வீட்டு வாசலில் நிறுத்திக் காட்ட வேண்டும். வழியெல்லாம் வண்டி கொஞ்சம் கனமாக வந்தது. ஏதோ கருகுகிற வாசனையும் வந்தது. அம்மா, "எவனோ குப்ப கொளுத்துறான்" என்றார். இங்கே வந்து பார்த்தால் வாசலை அடைத்துப் பெரிய கோலம். அந்தக் கோலத்தின் நடுவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, வெள்ளை வேட்டி கட்டி, தாத்தா உட்கார்ந்திருக்கிறார்.

"இன்னா அழகேசா, கோலத்தத் தொடாம நிக்கணும். நான் நவுர மாட்டேன்" என்று அப்பாவிடம் சொன்னார்.

அப்பா ஜீப்பிலிருந்து தலையை வெளியே நீட்டினார். "சம்மந்தி, கொஞ்சம் தள்ளி..." என்றார்.

"நீ எறங்கு. மாட்டுனவங்க யாரு? அந்தப் பாப்பா ஓட்டட்டும். மாட்டுனவங்களுக்கே நம்பிக்க இல்லன்னா எம்மாப்ளைய எப்பிடி ஏத்துறது?"

மாமா, லைசென்ஸ் வாங்கிய நாளுக்குப் பிறகு ஒருவர் எதிரில் நான் வண்டி ஓட்டியதே இல்லை. இந்தத் தெரு முழுக்க வாசலில் நின்றது. மாடியில் ஜீவா அத்தை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். வண்டியைத் தெருமுனைக்குக் கொண்டு போய்த் திருப்பி, வேகமெடுத்து வந்தேன். தாத்தாவின் வேட்டிக் கரை தெரிந்தது. மூக்குக்கண்ணாடி தெரிந்தது. ஒரே மிதி.

நின்றது மாமா. முனகல் இல்லை, இடது பக்கம் திரும்பல் இல்லை, நேராக, கோலத்தின் கடைசிப் புள்ளிக்கு ஒரு சாண் முன்னால், ஆணி அடித்தது போல நின்றது. தாத்தா இம்மிகூட அசையவில்லை. தெருவே கை தட்டியது. அப்பா அவரிடம் ஓடி, "இன்னா தைரியம் சம்மந்தி உங்களுக்கு!" என்றார். "தைரியமாவது! கடைசி நேரத்துல எந்திரிக்கலாம்னுதான் பாத்தேன். வேட்டி நாக்காலி ஓட்டையில மாட்டிகிச்சு. மொதல்ல இத்த எடுத்து வுடு" என்றார் தாத்தா.

பிறகு வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு எல்லாருக்கும் கேட்கும்படி, "மாப்ள இந்த வண்டியிலயே வரட்டும். இது பிரேக்கு!" என்று சொல்லிவிட்டார். மதுரைவீரன் அண்ணன் என்னைப் பார்த்துத் தலையில் இருந்த துண்டை மறுபடி அவிழ்த்தார். அப்பா யாரோ முன்பின் தெரியாத ஒருவரிடம், "என் பொண்ணு. மெக்கானிக்கல்" என்று சொல்வது காதில் விழுந்தது.

ஆகவே மாமா, தாங்கள் எந்தக் கவலையும் இல்லாமல் வரலாம். கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, மண்டபத்து வாசலில் எந்தப் புள்ளியில் வேண்டுமானாலும் நிறுத்தலாம். இனி யார் கேட்டாலும், எங்கள் அக்கா மகள் இஞ்சினீயர் என்று தாங்கள் தாராளமாகச் சொல்லலாம். நானும் இனிமேல் குனிய மாட்டேன். நாளைக்கே மேனேஜரிடம் போய் அந்த புஷ் எங்கே போகிறது என்று கேட்டுவிடப் போகிறேன்.

அம்மாவின் ஆசியும், அப்பாவின் அன்பும், அஞ்சலை அக்காவின் விசாரிப்பும், மதுரைவீரன் அண்ணனின் வணக்கமும் இத்துடன் வருகின்றன. வேளைக்குச் சாப்பிட்டு, வெயிலில் நிற்காமல், கல்யாணக் களையோடு வந்து சேர வேண்டும்.

என்றும் தங்கள் சொல் தவறாத அக்கா மகள்,
நிஷா, பி.இ.

பின்குறிப்பு: மணி மூன்றே முக்கால். மேலே எழுதிய கடைசி ஒரு பக்கத்தைத் தயவுசெய்து அவசரப்பட்டு நம்ப வேண்டாம். சாப்பிட்டு முடித்துக் கிளம்ப வெளியே வந்தோம். ஜீப் நகரவில்லை. பிடித்த பிரேக் விடவே இல்லை. அப்பா, அண்ணன், தெருவில் கை தட்டிய பதினோரு பேர் சேர்ந்து தள்ளியும் அசையவில்லை. வாசலை அடைத்துக்கொண்டு நிற்பதால் உள்ளே இருக்கிற தாத்தாவின் காரும் வெளியே வர முடியாது. இன்று பத்திரிகை வைக்கப் போக வேண்டியவர்கள் மதில் ஏறிக் குதித்துப் போயிருக்கிறார்கள்.

மதுரைவீரன் அண்ணன் கீழே படுத்துப் பார்த்துவிட்டு, "பெடல மிதிச்சா ஆயில தள்ளுதே, அந்த மாஸ்டர் சிலிண்டர் பழசு மேடம். டிரம்முக்குச் செஞ்சது. டிஸ்க்குக்கு அத்த வெச்சா புடிச்சது வுடாது" என்றார்.

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா அண்ணா?"

"தெரியும் மேடம். பழசே இருக்கட்டுமான்னு கேட்டேன், இருக்கட்டும்னீங்க. இஞ்சினீயர் சொன்னா காரணம் இருக்கும்னு வுட்டுட்டேன்."

அவர் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. அந்த நேரம் அவர் துண்டால் முகம் துடைத்துக்கொண்டிருந்தார். புருவம் தெரியவில்லை.

புது சிலிண்டர் வர ஒன்றரை மாதம் ஆகுமாம். நிப்பிளைத் திறந்தால் பிரேக் விடும், ஆனால் மறுபடி மிதித்தால் மறுபடி பிடித்துக்கொள்ளும். அண்ணன் அதற்கும் தயார். "மாப்ள அழைப்புல மேளக்காரங்களோட நானும் ஸ்பேனர எடுத்துகினு கூடவே நடந்து வரேன். அவரு மிதிக்கும்போதெல்லாம் அடியில படுத்து நிப்பிள தெறந்து வுடுறேன்" என்றார். தாத்தா ஒப்புக்கொள்ளவில்லை. "நவுத்துனா அது பிரேக் கெட்ட வண்டி. நிக்கிற வரிக்கும் நல்ல வண்டி. சபையில வாக்கு குடுத்துட்டேன், நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். பந்தல்காரர் ஜீப்பையும் சேர்த்து அளவெடுத்துவிட்டார். பூக்காரரும் வந்து போனார்.

முடிவு என்னவென்றால், தாங்கள் மண்டபத்திலிருந்து மேளத்தோடு இந்த வீட்டு வாசலுக்கு நடந்து வர வேண்டும். ஜீப்பில் ஏறி, ஸ்டியரிங்கைப் பிடித்து, கை காட்டி, போட்டோ எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும். பிறகு மறுபடி மண்டபத்துக்கு நடக்க வேண்டும். போக வர மூன்று கிலோமீட்டர். எதிர்வெயில். செருப்பு அங்கேயே நல்லதாகப் பார்த்து வாங்கி, கடிக்காமல் இருக்க இன்றிலிருந்தே போட்டு நடந்து பழகவும்.

வேம்புலி அண்ணன் வந்துவிட்டார். மதிலுக்கு அந்தப் பக்கம் நிற்கிறார். பொட்டலத்தைத் தூக்கிப் போடச் சொல்கிறார்.